கல்லீரலும் குருத்தணுவும்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கடந்த வாரம் வந்த கட்டுரையில், வெட்டி எடுத்தாலும் கல்லீரல் மீண்டும் வளர்வதற்கு அதனுள் இருக்கும் குருத்தணுக்களே (ஸ்டெம் செல்கள், அதாவது பிரிந்து பிற வகைச் செல்களைத் தரும் மூலச் செல்கள்) காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு வரிதானே என்று விட்டுவிட மனம் ஒப்பவில்லை. 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் சுருங்கிய ஈரல் சரியாகிவிடும்' என்று ஆசை காட்டும் விளம்பரங்கள் முதலாக வைத்து வணிகம் செய்வது இந்த ஒரு வரியைத்தான். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ரத்தம், தோல், குடலின் உட்சுவர் ஆகியவற்றில் முதிர்ந்த அணுக்கள் வேலை முடிந்து உதிர்ந்துபோக, அடியில் இருக்கும் குருத்தணுக்கள் பிரிந்து புதியவற்றைத் தருகின்றன. கல்லீரலின் வழி வேறு. பித்தம் சுரப்பது, ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை உண்டாக்குவது, நஞ்சை முறிப்பது என்று முழுநேர வேலையில் இருக்கும் முதிர்ந்த கல்லீரல் அணுக்களே, தேவை வந்தபோது தாமே இரண்டாகப் பிரிகின்றன. 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலிகளின் கல்லீரலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்து ஆராய்ந்தார்கள். எலிக்கு ஒரு வாரம் பத்து நாளிலேயே பழைய எடை திரும்பிவிடுகிறது. ஆனால் வெட்டிய மடல் பல்லியின் வால்போல மறுபடி முளைப்பதில்லை, எஞ்சிய மடல்களே பெருத்து ஈடு செய்கின்றன. 1998இல் டெல்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்த முடிந்ததும், இன்று உறவினர் ஒருவருக்கொருவர் ஈரல் தானம் செய்ய முடிவதும் இந்த இயல்பை நம்பித்தான்.

அப்படியானால் கல்லீரலில் குருத்தணுவே கிடையாதா என்று கேட்கலாம். அறிவியலாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் கேள்வி அது. அன்றாடப் பராமரிப்பைப் பொறுத்தவரை, கல்லீரலின் சிற்றலகான நுண்மடலின் மையத்தில் ஓடும் நடுச்சிரையை ஒட்டிய அணுக்களே மற்றவற்றுக்கு மூலம் என்று 2015இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரூல் நுஸ்ஸெ குழுவினர் எலிகளில் கண்டதை வைத்துக் கூறினர். பின்னர் 2021இல் வெளியான எலி ஆய்வுகள், நடுச்சிரைக்கும் நுண்மடலின் விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள அணுக்களே அதிகம் பிரிகின்றன என்று காட்டின. எது சரியானாலும் இரு தரப்பும் சுட்டுவது வேலை செய்யும் கல்லீரல் அணுக்களைத்தான். மூலையில் ஒதுங்கிக் காத்திருக்கும் தனி வகை அணுவை அல்ல.

காத்திருப்பது என்று சொல்லத் தகுந்தவை பித்த நாளங்களின் சுவரில் உள்ள அணுக்கள். புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருளை எலிகளுக்கு ஊட்டியபோது கல்லீரலில் முட்டைவடிவச் சிற்றணுக்கள் பெருகுவதை 1950களிலேயே கண்டார்கள். கல்லீரல் அணுக்கள் பிரிய முடியாதபடி தடுத்துவிட்டால் பித்த நாள அணுக்கள் கல்லீரல் அணுக்களாக மாறுகின்றன என்பதை 2017இல் எடின்பரோ ஆய்வாளர்கள் எலிகளில் நிறுவினார்கள். ஆக, இது முதல் வரிசைப் படை தளர்ந்தபின் இறங்கும் துணைப்படை. நோய் முற்றிய மனிதரின் ஈரலிலும் இந்த நாள அணுக்கள் பெருகியிருப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். பெருகியும் அந்த ஈரல் தேறாமல் கிடக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தேறாததற்குக் காரணம் அணுப் பஞ்சம் மட்டுமல்ல. மது, மஞ்சள்காமாலைக் கிருமி, கொழுப்பு என்று ஏதோ ஒன்று ஆண்டுக்கணக்கில் புண்ணாக்கும்போது, சாதாரண நாளில் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைக்கும் நட்சத்திர வடிவ அணுக்கள் குணம் மாறி நார்களை நெய்து வடுவை உண்டாக்கத் தொடங்குகின்றன. அந்த வடு ரத்த ஓட்டத்தையே திசை திருப்பிவிடுகிறது. கட்டாந்தரையாகிவிட்ட வயலில் மேலும் விதை தெளித்து என்ன பயன்? பிரிட்டனில் 81 சிரோசிஸ் (ஈரல் வடுப்பட்டுச் சுருங்கும் நோய்) நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை மருந்தால் ரத்தத்துக்கு வரவழைத்தும், சிலருக்கு அவற்றைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தியும் பார்த்தார்கள். ஈரலின் செயல்பாடு மேம்படவில்லை. குருத்தணு ஏற்றப்பட்டவர்களுக்குத் தீவிரப் பக்கவிளைவுகளே கூடுதலாக இருந்தன.

என் தெருவில் ஒருவர் இத்தகைய ஊசிக்காக மனைவியின் நகையை அடகு வைக்கும் வரை போய்விட்டார். அவரைத் திருப்பி அழைத்து வந்து, குடியை நிறுத்த வைத்து, அரசு மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் அவருடைய அண்ணன் பட்ட பாடு எனக்குத் தெரியும். காரணத்தை அகற்றினால் வடுவே ஓரளவு கரையக்கூடும் என்ற செய்தி, பாவம், விளம்பரம் செய்ய ஆளில்லாமல் கிடக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்றம் தவிர மற்றவை ஆய்வு நிலையிலேயே உள்ளன. ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கவும் கூடாது. ஆகவே கட்டுரையின் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுவதுடன், ஈரலுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று விளம்பரம் கொண்டு வருவோரிடம் மருந்தாய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேட்டு வாங்கிய பிறகே அதை அச்சேற்றும்படி தங்கள் விளம்பரப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்,
கும்பகோணம்.