வேலிக்கு வெளியே நின்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது உன் மருமகன் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டான்: "அன்றைக்கு அந்தச் சிக்னலில் நின்றது மாமாதானே அம்மா?" அப்போது அவனுக்கு 7 வயது. இப்போது 14. இத்தனை நாள் மனத்துக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான். "ஆமாம்" என்றேன். அவன் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கை கழுவப் போய்விட்டான்.

நீ தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டாய். நான் இங்கே எழுதுவதை மட்டும் படிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஊரும் உறவும் படிக்கிற இடம் இது. ஆகவே அந்த ஆஸ்பத்திரி இரவைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அது நம்மோடு இருக்கட்டும்.

சிக்னலைப் பற்றி எழுதுகிறேன். லாஸ் ஏஞ்சலஸில் வில்ஷயர் சாலையும் சான் விசென்டே சாலையும் சேரும் முனை, மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையை பேஸ்பால் பார்க்க அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் அத்தானுடைய மேலாளரின் மனைவி. சிவப்பு விழுந்தது. படைவீரர் நிலத்தின் பூட்டிய வேலிக் கதவுக்கு வெளியே நடைபாதையில் நீ. பதாகையின் ஒரு முனையை வேலிக் கம்பியில் கட்டியிருந்தாய், மறுமுனை உன் கையில். காற்றில் துணி உன் முகத்தில் வந்து சுற்றிக்கொண்டது. விலக்கினாய். மறுபடியும் சுற்றியது. உன் இடது கை தோளுக்கு மேல் எழாது என்பது எனக்குத் தெரியும். பின்னாலிருந்து பிள்ளை "மாமா!" என்று கத்தினான். "அது மாமா இல்லை" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினேன். அதற்குள் நீ பார்த்துவிட்டாய்.

கிரீன் கார்டுக்குக் காத்திருந்த காலம் அது. போராட்டம், போலீஸ், வழக்கு என்று எதைக் கேட்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். நீ அமெரிக்க ராணுவச் சீருடை போட்டுக் குடியுரிமை வாங்கியவன், உனக்கு அந்தப் பயம் புரியாது. இதைச் சமாதானமாகத்தான் சொல்கிறேன். சொல்லும்போதே போதாது என்றும் தெரிகிறது. தமிழ் தெரிந்தவர்களையும் ராணுவத்தில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்த நாளில், "நம் தமிழுக்கு இந்த நாட்டில் ஒரு வேலை இருக்கிறது அக்கா" என்று சிரித்தாயே, அந்த முகத்தைத்தான் நான் மாமா இல்லை என்றேன்.

அந்த வேலிக்கு உள்ளே இருக்கும் நிலத்தைப் பற்றி நீ சொன்னபோதெல்லாம் காதில் வாங்காதவள், இந்த ஒரு வாரமாக அதையேதான் படிக்கிறேன். 1888-இல் செனட்டர் ஜான் ஜோன்ஸும் ஆர்கேடியா பண்டினி டி பேக்கர் என்ற சீமாட்டியும், ஊனமுற்ற படைவீரர்களுக்கு இல்லம் கட்டி நிரந்தரமாக நடத்த வேண்டும் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்த தான நிலம். அதிபர் ரீகன் ஆட்சியில் அதில் 109 ஏக்கரை விற்கப் பார்த்தார்கள். படைவீரர்களும் அக்கம்பக்கத்தாரும் எதிர்த்து நின்றார்கள், 1988-இல் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது. விற்க முடியாத நிலத்தைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஓட்டல் துணி வெளுக்கிற சலவைக்கூடம், ஸ்டுடியோ சாமான்களுக்குக் கிடங்கு, தனியார் பள்ளிக்கு விளையாட்டுத் திடல். பல்கலைக்கழக அணிக்கு பேஸ்பால் மைதானம்.

ஆம், நாங்கள் அன்றைக்குப் போன மைதானம்தான்.

நம் ஊர்க் கோயில் நிலத்தை அடிமாட்டு விலைக்குக் குத்தகை எடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் அப்பா கை நனைக்கவில்லை. "சிவன் சொத்து குல நாசம்" என்றார். அவர் பெற்ற மகள் நான், டிக்கெட் வாங்கி, அந்த நிலத்தில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தேன். நிலத்துக்கு உரியவன் நடைபாதையில் நின்றான். 2021-இல் அந்த வேலியோரம் வீடில்லாப் படைவீரர்களின் கொடி போர்த்திய கூடாரங்கள் வரிசையாக நின்றபோதும் நான் வரவில்லை, பணம்தான் அனுப்பினேன். நீ அதைத் திருப்பி அனுப்பினாய். திருப்பி அனுப்பியிருக்க வேண்டியதில்லை.

எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசி நான்கு மாதம் அம்மா தினமும் உன்னைத்தான் கேட்டாள். குளிப்பாட்டியதும் ஊட்டியதும் நான், வாயில் வந்தது உன் பெயர். ஞாயிறு தவறாமல் வேலிக்குப் போகத் தெரிந்த உனக்கு ஒரு தடவை அம்மாவைக் கூப்பிடத் தெரியவில்லையா? ஊர் நிலத்துக்கு நின்றாய், வீட்டுக்கு நிற்கவில்லை. இதை எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

குத்தகைகள் செல்லாது என்று 2013-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. 2024-இல் நீதிபதி டேவிட் கார்ட்டர் அந்த மைதானத்தையே பூட்டச் சொன்னார். படைவீரர்களுக்கு 1,800 நிரந்தர வீடுகளும் 750 தற்காலிக வீடுகளும் கட்டச் சொன்னார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று உன் பழைய எண்ணுக்குத்தான் முதலில் அழைத்தேன். வேறு யாரோ எடுத்தார்கள்.

2008 மார்ச்சில் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமைப் போராட்டங்களில் ஒன்றுக்குக்கூட நான் வந்ததில்லை. வரும் ஞாயிறு வருகிறேன். வேறு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பேன். பரணில் நீ போட்டுவிட்டுப் போன பதாகையை இறக்கித் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். ஓரத்தில் கிழிந்திருந்தது, தைத்துவிட்டேன். பிள்ளையும் வருகிறானாம். ஒரு முனையை அவன் பிடித்துக்கொள்வான்.

உன் அக்கா