அப்புச்சியின் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரேடியோ ரிப்பேர் பார்த்த அப்புச்சியின் கேசட்டில் பாட்டில்லாமல் ‘ஊய்’ சத்தம் மட்டும் வந்தால், கெட்டதென்று பழைய சாமானுக்குப் போட்டுவிடாதீர்கள். அது மோட்டார் ரூமில் அவரே உருவாக்கிய மின்னணு இசையாக இருக்கலாம். 555 ஐசி என்ற சின்ன மின்னணுச் சில்லு, 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் சுமார் 690 ஹெர்ட்ஸில் கூவும். 10 கிலோ ஓம் இடத்தில் வால்யூம் கன்ட்ரோலை வைத்துத் திருகினால் சுருதி ஏறி இறங்கும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) 1969இலேயே மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக் கருவி வந்த நாடு இது. நம் தோட்டத்திலும் நடந்திருக்கக் கூடாதா?

கிடைத்ததும் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பட்டை, பசை காய்ந்து விழுந்திருந்தால் சத்தம் மங்கும். திருகுகளைக் கழற்றி நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். ஓட்டும் முன் அந்தக் கூட்டின் முதுகிலுள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள், கை தவறி மேலே பதிவாகாது.

– வாசகர், காங்கேயம்