வீட்டுத்தோட்டக் குளங்களை மூடச் சொல்லுமுன்: மலைநாட்டு உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தவிசாளர்கள், சபை உறுப்பினர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அனைவருக்கும்,

வணக்கம். மலைநாட்டில் வீட்டுத்தோட்டத்தோடு சிறு குளமொன்றையும் பராமரித்து வருபவர்களில் ஒருவன் என்ற வகையில் இம்மடலை எழுதுகிறேன். மழைக்காலம் நெருங்கி டெங்கு ஒழிப்புப் பணிகள் தொடங்கும்போது, எங்கள் பகுதிக்கு வரும் பரிசோதனைக் குழுக்கள் இத்தகைய குளங்களைக் கண்டதும் மூன்றில் ஒன்றைச் செய்யச் சொல்கின்றன: மண் போட்டு மூடிவிட வேண்டும், இல்லையேல் வாரம் ஒரு முறை நீரை முழுவதும் இறைத்துவிட வேண்டும், அதுவும் இயலாதென்றால் கப்பி மீன் விட வேண்டும். இம்மூன்றில் எதைச் செய்தாலும் அந்தக் குளத்திலிருந்து அதன்பின் ஒரு தவளைக் குஞ்சும் கரையேறப் போவதில்லை. டெங்கு நுளம்போ பக்கத்து வீட்டுக் கூரைப் பீலியில் வழக்கம்போல் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். குளங்களைப் பொறுத்தமட்டில் இந்த அறிவுறுத்தலை மாற்றி எழுதித் தருமாறு கேட்பதே இம்மடலின் நோக்கம்.

டெங்கைச் சிறிதாக எண்ணி இதைக் கேட்கவில்லை. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையெங்கும் 186,000க்கும் அதிகமானோர் டெங்குச் சந்தேகத்துடன் பதிவானார்கள்; 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் காணி வைத்திருப்போர் மீது சுமத்தும் கடமையையும் நான் மறுக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு லயம் லயமாகவும் மேடு பள்ளமாகவும் ஏறி இறங்கும் உத்தியோகத்தர்களின் உழைப்பு எல்லோரும் அறிந்ததே.

ஆயினும், எந்த நுளம்பு எந்த நீரில் வளர்கிறது என்று அறிந்து செயற்படுவது இந்நாட்டுச் சுகாதாரத் துறைக்குப் புதிதன்று. 1934–35இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது, ஆற்றுப்படுக்கைகளில் எஞ்சிய குட்டைகளில் மலேரியாவைப் பரப்பும் அனொபிலிஸ் நுளம்பு பெருகி, ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட கொள்ளைநோய் பரவியது. ஆண்டு முழுவதும் ஆறு ஓடிக்கொண்டிருந்ததாலேயே அதுவரை தப்பியிருந்த கேகாலை போன்ற பகுதிகள்தாம் அப்போது மிக மோசமாக அடிபட்டன. நீர் இருந்ததால் வந்த நோயன்று அது. ஓட வேண்டிய நீர் ஓடாமல் நின்றதால் வந்தது. அத்தகைய நுணுக்கங்களைப் பல பத்தாண்டுகளாகக் கற்று, அவற்றின்படி உழைத்ததன் பயனாகவே 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற அங்கீகாரத்தை உலக சுகாதார நிறுவனம் நமக்கு வழங்கியது. அவ்வளவு நுட்பமாக நீரைப் பார்க்கத் தெரிந்த ஒரு துறை, டெங்கு என்று வரும்போது மட்டும் தேங்கிய நீர் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதுவது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் பாத்திரச் சுவரில் முட்டையிடுவது. அம்முட்டைகள் நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். ஆகவே அது விரும்பித் தேடுவது மழை நிறைத்துப் பின் வற்றும் சிறு கொள்கலன்களையே: டயர், யோகட் கோப்பை, சிரட்டை, பூச்சாடித் தட்டு, மூடியில்லாத பீப்பாய், அடைபட்ட கூரைப் பீலி. மலைநாட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: தகரக் கூரை பறக்காமலிருக்க லயத்தின் மேல் தூக்கிப் போட்டிருக்கும் பழைய டயர்கள். கீழிருந்து பார்க்கும் எவருக்கும் அவற்றுள் நிற்கும் நீர் தெரிவதில்லை. மண் கரையும், புல்லும், நீர்த்தாவரமும், தும்பிக் குடம்பிகளும், நீர்ப்பூச்சிகளும், வாற்பேய்களும் உள்ள ஒரு குளம் அத்தகைய இடமன்று. குளத்தில் நுளம்பே வளராது என்று நான் வாதிடவில்லை. வேறு வகை நுளம்புகள் வளரக்கூடும். புதிதாகக் கட்டி, உயிரெதுவும் குடியேறாமல் கிடக்கும் சீமெந்துத் தொட்டியில் ஈடிஸும் வளரலாம். அதனாலேயே, பார்த்து முடிவெடுங்கள் என்கிறேன்.

வாரம் ஒரு முறை நீரை இறைக்க வேண்டும் என்பதன் கணக்கு எளிது. வெப்பமான இடங்களில் முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரமோ சற்று அதிகமோ ஆகும். அதற்குள் நீரை ஊற்றிவிட்டால் நுளம்பு இல்லை. வாளிக்கும் பூச்சாடிக்கும் இதைவிடச் சிறந்த விதி கிடையாது. குளத்தில் இதே விதி என்ன செய்கிறது என்பதை அறிய, அங்கு நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கண்டி, கம்பளை முதலிய பகுதிகளின் வீட்டுத்தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் மரத்தவளை, பொலிபெடேட்டஸ் குருசிகர் என்ற, இலங்கைக்கு வெளியே எங்கும் இல்லாத இனம். இன்னும் உயரத்தில், குளிர்ந்த பகுதிகளில், அதன் உறவினமான தருகா ஈக்குவஸ் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. இவை நீருக்குள் முட்டையிடுவதில்லை. மழை பெய்த இரவில் பெண் தவளை நீரின் மேல் சாய்ந்திருக்கும் இலையிலோ கிளையிலோ, சில வேளைகளில் தொட்டியின் உட்சுவரிலோ அமர்ந்து, தன்னிடமிருந்து சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டைகளை வைக்கிறது. நுரையின் மேற்பரப்பு காய்ந்து தோல்போலாகி உள்ளீரத்தைக் காக்கும். சில நாட்களில் நுரை இளகி, வாற்பேய்கள் ஒவ்வொன்றாகக் கீழே உள்ள நீரில் விழும். அதன்பின் கால் முளைத்து, வால் சுருங்கிக் கரையேற, நீரின் வெப்பத்தைப் பொறுத்து, பல வாரங்கள் செல்லும். குளிர்ந்த இடங்களில் இன்னும் நீளும். வாரந்தோறும் இறைக்கப்படும் குளத்தில் இவற்றுள் ஒன்றேனும் தவளையாக முடியாது என்பது கூட்டிக் கழித்துப் பார்த்தாலே தெரியும். இதிலும் மோசமானது, அந்தக் குளம் தவளைகளை அழைத்துக்கொண்டே இருப்பது. நீர் இருப்பதைக் கண்டு அவை வந்து முட்டையிடும்; நாம் இறைத்துக் கானில் ஊற்றுவோம்; அடுத்த மழைக்கு மறுபடியும் வரும். குளமே இல்லாதிருந்தால் அவை வேறிடம் தேடியிருக்கக்கூடும்.

இங்கே பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நினைவூட்ட விரும்புகிறேன். நம் நாட்டுத் தவளை, தேரை இனங்கள் சிலவற்றின் வாற்பேய்களுக்கு ஈடிஸ் ஈஜிப்தி நுளம்பின் முட்டைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, அவை அம்முட்டைகளைத் தின்றன. மேலே சொன்ன பொலிபெடேட்டஸ் மரத்தவளையும் அவற்றுள் ஒன்று. ஆய்வுகூடத்தில் கண்டதை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுவந்து, தவளை வளர்த்தால் டெங்கு ஒழியும் என்று பிரசாரம் செய்வதை நான் ஏற்கமாட்டேன். வளர்ந்த தவளையும் தேரையும் பெரும்பாலும் எறும்பு, கறையான், வண்டு, அந்துப்பூச்சி போன்றவற்றையே தின்கின்றன. மரக்கறித் தோட்டத்துக்கு அவற்றால் கிடைக்கும் நன்மை அதுவே. ஆனால், நுளம்பு முட்டையைத் தின்னக்கூடிய உயிரை நுளம்பு ஒழிப்பின் பெயராலேயே கானில் ஊற்றுவது முறையாகுமா என்று கேட்பதற்கு அந்த ஆய்வு போதும்.

கப்பி மீனுக்கு வருவோம். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்சிறு மீன் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்பது உண்மை. கிணற்றிலும் மூடப்படாத பெரிய தண்ணீர்த் தொட்டியிலும் அதை விடுவதற்கு நான் எதிரியல்லன். தவளைக் குளத்திலோ அது முட்டைகளையும் சிறு வாற்பேய்களையும் சேர்த்தே தின்றுவிடும். மீன் இல்லாத நீரைத் தெரிந்து முட்டையிடுவது பல தவளை இனங்களின் பழக்கம். நம் வீட்டுக் குளங்கள் அவற்றுக்கு உதவுவதன் காரணமே அவற்றில் மீன் இல்லாததுதான். மேலும் மலைச்சரிவில் விடப்படும் மீன் விட்ட இடத்தில் நிற்பதில்லை. ஒரு பெருமழையில் குளம் நிரம்பி வழிந்தால் அது கானுக்கும், கானிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் போய்ச் சேரும். பொலித்தீன் பையில் மீன் பகிர்ந்தளிக்கும் உத்தியோகத்தர் இதை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய், வாகனக் கழிவெண்ணெய் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: இவற்றைக் குளத்தில் ஊற்றும்படி எவருக்கும் ஆலோசனை சொல்லவே கூடாது. தவளை தோலாலும் சுவாசிக்கும் உயிர். நீரில் கலந்தது எதுவும் அதன் உடலுக்குள் போகும். மேட்டிலுள்ள உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்தும் லீக்ஸ் பாத்தியிலிருந்தும் வடியும் மருந்து நீரே அதற்குப் போதிய துன்பம். குளோர்பைரிபொஸ், கிளைபோசேற் போன்ற மருந்துகள் பொலிபெடேட்டஸ் வாற்பேய்களுக்குச் செய்யும் தீங்கையும் பேராதனை ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஒரு தவளைக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். உலகில் முற்றாக அழிந்துவிட்டதாகப் பதிவாகியுள்ள தவளை இனங்களில் ஏறத்தாழப் பாதி இந்தச் சிறு தீவுக்குரியவை. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடுகள் வெட்டப்பட்டதை அதற்கு முக்கியக் காரணமாகக் கொள்ளலாம். 1872இல் விவரிக்கப்பட்டு, பின் அழிந்ததாகவே கருதப்பட்ட கண்டியின் பெயர்கொண்ட சிறு தேரையினம், சிவனொளிபாதமலைக் காட்டில் உயிரோடு இருப்பது 2012இல்தான் அறிவிக்கப்பட்டது. அதே காட்டில், 1853க்குப் பின் எவரும் காணாதிருந்த ஒரு புதர்த்தவளை 2009இல் மீண்டும் கண்ணில் பட்டது. இவை நம் வீட்டுக் குளத்துக்கு வருவன அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதர்த்தவளைகளுக்குக் குளமே தேவையில்லை; ஈரமண்ணிலோ இலையிலோ இடும் முட்டைக்குள்ளேயே வாற்பேய்ப் பருவம் முடிந்து, சிறு தவளையாகவே வெளிவரும். அவற்றுக்கு வேண்டியது சருகும் நிழலும். காட்டை நாம் திருப்பித் தர முடியாது. ஆனால் 7 பேர்ச் காணியிலும் ஒரு பாய் அகலத்துக்குக் குளமும், அதனருகே கூட்டாத சருகும் வைத்திருக்கலாம். மலைநாட்டு மக்களில் பலருக்குச் சொந்தமென்று இருக்கும் நிலம் அவ்வளவே.

குளத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வேறு சில காரணங்களில் எனக்கு உடன்பாடு உண்டு. தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். பெரும்பாலும் நஞ்சற்ற நீர்ப்பாம்புதான் என்றாலும், சிறுபிள்ளைகள் உள்ள வீட்டு வாசலை ஒட்டிக் குளம் வெட்டுவது சரியன்று. ஆழம் முழங்காலுக்கு மேல் வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது நிலச்சரிவு. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்ததை அறிந்த எவரும், செங்குத்தான சரிவிலோ லயத்துக்கு மேற்புறத்திலோ நீரைத் தேக்கி வைக்கத் துணியமாட்டார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வலயமென்று குறித்த இடத்தில் உள்ள குளத்தை மூடச் சொன்னால், முதல் கூடை மண்ணை நானே கொட்டுவேன். இரவில் சத்தம் என்று முறையிடுவோருக்கு மட்டும் என்னிடம் பதிலில்லை.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். குளத்தைக் கண்டதும் மூடச் சொல்லாமல், வெள்ளை அகப்பையால் ஓரங்களில் நீரை மொண்டு பாருங்கள். குடம்பி இல்லையென்றால், அதைப் படிவத்தில் அப்படியே எழுதிவிட்டுக் கூரையையும் கொல்லைப்புறத்தையும் பார்க்கச் செல்லுங்கள். ஈடிஸ் குடம்பி இருந்தால், நுளம்புக் குடம்பிகளையே முக்கியமாகக் குறிவைக்கும், மற்ற உயிர்களுக்கு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்த பக்டீரியாத் தயாரிப்பான பீ.ரீ.ஐ.யை இடச் சொல்லுங்கள்; குளச்சொந்தக்காரர் அடுத்த பரிசோதனைக்குள் சீமெந்து ஓரங்களைக் கல்லும் மண்ணும் இட்டுச் சரிவாக்கட்டும். அப்படிச் செய்தால் நுளம்புக்கு முட்டையிடும் சுவரும் இராது, தவளைக் குஞ்சு ஏறி வரவும் வழி கிடைக்கும். நீரை இறைத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், மழை தொடங்கிய பின்னுள்ள மாதங்களை விட்டு, வரண்ட மாதங்களில் இறைக்கச் சொல்லலாம். தவளைக் குளத்தில் கப்பி விடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். ஒரு குளத்துத் தவளைகளைப் பிடித்து இன்னொரு குளத்தில் விடும்படியும் சொல்ல வேண்டாம். நோய் பரவ அதுவே வழியாகலாம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. சபைகளுக்கு அது வசதியாகவும் அமையலாம்: மழை பெய்த மாலையில் ஒரு வட்டாரத்தை நடந்து சுற்றினாலே எந்தெந்தக் காணியில் தவளைக் குளம் இருக்கிறது என்று காதால் கணக்கெடுத்துவிடலாம். அந்தப் பட்டியல் இருந்தால், பரிசோதனைக் குழு புறப்படுமுன்னரே எங்கே அகப்பை வேண்டும், எங்கே ஏணி வேண்டும் என்பது தெரிந்துவிடும். பாடசாலைகளிலும் சபைப் பூங்காக்களிலும் ஏற்கனவே உள்ள தொட்டிகளைக் கொண்டு ஓரிரண்டு இடங்களில் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். புதிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அறிவித்தல் பற்றி. எங்கள் பகுதியில் கதவில் ஒட்டப்படும் டெங்கு அறிவித்தல்களில் தமிழ் சில வேளை இருக்கிறது, சில வேளை இல்லை. இருக்கும்போதும் குளம், தொட்டி, வாளி, குழி எல்லாமே ஒரே வரியில் வருகின்றன. அடுத்த பருவத்துக்கான பிரசுரம் அச்சுக்குப் போகுமுன், கொள்கலனுக்கு ஒரு விதியும் உயிருள்ள குளத்துக்கு வேறொரு விதியுமாகப் பிரித்து, சிங்களத்திலும் தமிழிலும் ஒரே தெளிவோடு எழுதி, உள்ளூர் மொழியறிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டிய பின் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல் மாலை மழைக்குத் தவளைகள் முட்டையிடத் தொடங்கிவிடும் என்பதால், மார்ச் மாதத்துக்குள் அது வீடுகளுக்கு வந்து சேர்வது நல்லது.

இவ்வண்ணம்,
மலைநாட்டு வீட்டுத்தோட்டக்காரர் ஒருவர்