விறகு பொறுக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் வார இறுதிப் பக்கத்தில், காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எங்கள் சனம் சிட்னிக்கு மேற்கே இருக்கும் நீலமலைப் (புளூ மவுண்டன்ஸ்) பக்கம் போனால் எக்கோ பொயின்ற் பார்வையிடத்தில் நின்று 'மூன்று சகோதரிகள்' என்ற பாறைகளைப் படம் எடுக்கும், கார் டிக்கியைத் திறந்து புரியாணிச் சட்டியை இறக்கும், சாப்பிடும், இருட்டமுன் வீட்டுக்குத் திரும்பிவிடும். அதைத் தாண்டிக் கொஞ்சம் நடவுங்கள் என்று ஒருவராவது எழுதியிருக்கிறாரே என்று சந்தோசமாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். சமையல் பகுதிக்கு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றிவரக் கிடக்கும் காய்ந்த விறகைப் பொறுக்கி மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டலாமாம், மிச்சச் சோறு கறியைப் பறவைகளுக்குப் போடலாமாம், வெங்காயத் தோலும் பழத்தோலும் தானாக உக்கிவிடுமாம். மூன்றும் பிழை. மூன்றையும் நானே ஒரு காலத்தில் செய்தவள் என்றபடியால்தான் சொல்கிறேன். கடிதம் நீண்டுவிட்டால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், விறகு விசயத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

16 வருடங்களுக்கு முன், முதல் தரம் புஷ்வோக்கிங் (காட்டு நடை) என்று புறப்பட்டபோது நான் கொண்டுபோன சாமான்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். பிரஷர் குக்கர். ஒரு கிலோ வெங்காயம். தக்காளி. பச்சைப் பருப்பு. சோடாப் போத்தலில் நல்லெண்ணெய், அதுவும் பாதி வழியில் மூடி தளர்ந்து என் கணவரின் நித்திரைப் பைக்குள் ஊறிவிட்டது, அவர் அன்றிரவு முழுக்க எண்ணெய்க் குளியல் எடுத்தவர் மாதிரி மணத்துக்கொண்டு படுத்தார். விறகு பொறுக்கி, புகை ஊதி, கண் எரிந்து, ஒன்றரை மணித்தியாலம் கழித்து வெந்ததும் வேகாததுமாய் ஒரு பருப்பு. தின்றது போக மிச்சத்தை ஓடைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு, சட்டியையும் அந்த ஓடையிலேயே கழுவினேன். காலையில் போய்ப் பார்த்தால் பாறைக் குழியில் தேங்கியிருந்த தண்ணீரின் மேல் மஞ்சளாய் ஒரு எண்ணெய்ப் படலம், நடுவில் இரண்டு கறிவேப்பிலை, ஓரத்தில் ஏதோ சின்னப் பூச்சி கால் ஒட்டித் தத்தளிக்கிறது. மற்றப் பக்கம் கறவோங் என்ற பறவை ஒன்று, நம்முடைய காகத்தை விடக் கொஞ்சம் பெரிது, மஞ்சள் கண், என் பையின் சிப்பை அலகால் பிடித்து இழுத்துத் திறந்துகொண்டிருக்கிறது. யாரோ போட்டுப் போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போனோம். நாங்கள் கூடாரம் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தக்காளிச் செடி, பூவோடு நிற்கிறது! மகன் கைதட்டிச் சிரித்தான். நான் வேரோடு பிடுங்கிப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன், வெட்கமாக இருந்தது.

சரி, விறகு. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தேசியப் பூங்காக்களில் விழுந்து கிடக்கும் விறகைப் பொறுக்குவது சட்டப்படி கூடாது. விறகு அடுப்புக்கு இடம் விட்ட முகாம்களிலும் விறகைப் பெரும்பாலும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், பல இடங்களில் விறகு அடுப்பே கிடையாது, எரிவாயு அல்லது ஸ்பிரிற் அடுப்பு மட்டும்தான். அதைச் சும்மா ஒரு கெடுபிடி என்று நினைக்காதீர்கள். பட்ட மரத்தின் பொந்துக்குள்ளும் விழுந்த கட்டையின் அடியிலும்தான் அந்தக் காட்டில் பாதிக் குடித்தனமே நடக்கிறது, ஓணானும் பூரானும் வண்டும் சின்னச் சின்னப் பாலூட்டிகளும். நாங்கள் 'காய்ந்த விறகு' என்று பார்ப்பது அவைக்கு வீடு. அப்புறம் தீ. 2019 ஒக்டோபரில் சிட்னிக்கு வடமேற்கே உள்ள கொஸ்பர்ஸ் மலையில் மின்னல் விழுந்து பற்றிய நெருப்பு, கடைசியில் 5 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் தின்றது. நீலமலை உலக மரபுரிமைப் பிரதேசத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அந்தக் கோடையில் எரிந்தது. அது மனிதன் மூட்டியதல்ல என்பது உண்மைதான், ஆனால் அந்தப் புகையை மேற்கு சிட்னியில் இரண்டு மூன்று மாதம் சுவாசித்த எங்களுக்கு மூன்று கல் வைக்கச் சொல்லி ஒரு பத்திரிகை ஆலோசனை சொல்வது கொஞ்சம் அதிகம் இல்லையா?

இன்னொன்று, நாங்கள் இன்று நடக்கும் காடு இருப்பதே நடப்பவர்களால்தான். நீலமலையில் பிளாக்ஹீத் என்ற ஊரிலிருந்து பெர்ரிஸ் லுக்டவுன் பார்வையிடத்துக்குப் போய், அங்கிருந்து முழங்கால் நடுங்க ஏறத்தாழ 600 மீற்றர் செங்குத்தாக இறங்கினால் குரோஸ் பள்ளத்தாக்கில் புளூ கம் என்ற யூகலிப்டஸ் மரக் காடு. வெள்ளையும் நீலச் சாம்பலுமாய் நெட்டையாக நிற்கும் மரங்கள், அடியில் பன்னம், சத்தமே இல்லை. 1931 ஈஸ்டர் விடுமுறையில் அங்கே நடந்துபோன சிட்னி புஷ்வோக்கர்ஸ், மவுண்டன் ரெயில்ஸ் என்ற காட்டு நடைக் கழகக்காரர்கள், குத்தகைக்கு எடுத்த ஒருவர் அந்த மரங்களை அழித்துவிட்டு அக்ரோட்டு நடப்போகிறார் என்று அறிந்தார்கள். கத்திக் குழறவில்லை. அவரோடு பேசினார்கள், 130 பவுண் சேர்த்துக் கொடுத்தார்கள், குத்தகையை விட வைத்தார்கள். அது பெரிய பொருளாதார மந்தக் காலம், பலபேருக்கு வேலையே இல்லை. அடுத்த வருடமே அந்த நிலம் ஒதுக்கு நிலமாகியது. மவுண்டன் ரெயில்ஸ் கழகத்தை 1914இல் தொடங்கியவர்களில் ஒருவரான மைல்ஸ் டன்பி, நீலமலையில் ஒரு பெரிய தேசியப் பூங்கா வேண்டும் என்று வரைபடம் வரைந்து வரைந்து அரசாங்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார், பூங்கா வந்தது 1959இல். (கைக்குழந்தையைப் பிள்ளைவண்டியில் வைத்துக் கனாங்ரா வரைக்கும் மலைப்பாதையில் தள்ளிப்போன மனிதரும் இவர்தான். பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் நடக்க முடியாது என்று சொல்கிற என் மச்சாளுக்கு இதை இங்கேயே எழுதிவைக்கிறேன்.) அதற்கெல்லாம் முன்பு ஆயிரக்கணக்கான வருடங்களாய் குண்டுங்குரா, தரூக் ஆதிக்குடி மக்கள் அந்த மலைகளைப் பராமரித்தார்கள், கட்டுரையில் அவர்கள் பெயர்கூட இல்லை.

இனிச் சாப்பாடு. விறகும் இல்லை, மிச்சம் கொட்டவும் கூடாது, ஓடையில் கழுவவும் கூடாது என்றால் பிறகு என்னத்தைத் தின்கிறது, பைக்கற் நூடில்ஸா என்று கேட்பீர்கள். அந்த நூடில்ஸைத்தான் நான் ஒத்துக்கொள்வதில்லை. எட்டு மணித்தியாலம் மலை ஏறி இறங்கிவிட்டு அதைத் தின்றால் ஒரு மணித்தியாலத்தில் திரும்பப் பசிக்கும். நல்ல சாப்பாடும் துப்புரவான காடும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன, அந்த இடம் உங்கள் வீட்டுக் குசினி, புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்.

வெயிலில் காயவைத்துச் சாப்பாட்டைக் காப்பாற்றுவதை வேறு யாரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. ஒடியல், புழுக்கொடியல், மோர்மிளகாய், வடகம், வற்றல், கருவாடு என்று வளர்ந்த ஆட்கள்தானே. நான் செய்வது இதுதான். பருப்புக் கறியை வழமைபோல் தாளித்து, எண்ணெயை மட்டும் கால்வாசியாய்க் குறைத்து, தேங்காய்ப்பால் விடாமல், நன்றாக மசிய வேகவைத்து ஆறவிடுகிறேன். அப்புறம் தட்டில் பேக்கிங் தாள் விரித்து, தோசைக்குத் தேய்ப்பது போல மெல்லிசாய்த் தேய்த்து, 60 பாகையில் உலர்த்தும் பெட்டியில் இரவு முழுக்க விட்டால் காலையில் அப்பளம் மாதிரி உடையும். பெட்டி இல்லாதவர்கள் 'அவன்' (oven) அடுப்பைக் குறைந்த சூட்டில் வைத்து, கதவை ஒரு அகப்பைக் காம்பு அளவுக்குத் திறந்து விடலாம். இரண்டு பேருக்கான பருப்பு கைக்குள் அடங்கிவிடும். சோற்றையும் ஆக்கி அப்படியே உலர்த்தலாம், ஏற்கெனவே வெந்த சோறு என்றபடியால் கொதிதண்ணீர் விட்டு மூடிவைத்தால் பத்துப் பதினைந்து நிமிசத்தில் திரும்ப மலரும். பழைய படுக்கைப் பாயை வெட்டிச் சட்டிக்கு ஒரு சட்டை தைத்தேன், அதைப் போட்டு மூடினால் சூடு போகாது, எரிவாயுவும் மிச்சம். தேங்காய்ப்பால் மாவைக் கடைசியில் தூவிக் கிளறுங்கள். இறைச்சி என்றால் கொழுப்பில்லாத கொத்திறைச்சி மட்டும், கொழுப்பு காயாது, காறல் மணம் வரும். உருளைக்கிழங்குத் துண்டு வேண்டாம், எவ்வளவு ஊறினாலும் நடுவில் கல்லுப்போலத்தான் கிடக்கும்.

அதோடு ஒரு சின்ன டப்பாவில் சீனிச் சம்பல், நடக்கும்போது மெல்ல பயத்தம் உருண்டை, எள்ளுருண்டை. போன ஓகஸ்ட்டில் குளிர் எலும்புக்குள் இறங்கிய ஒரு இரவு, பருப்பும் சோறும் மேலே பொரித்த மோர்மிளகாயை நொறுக்கிப் போட்டு ஆவி பறக்கச் சாப்பிட்டோம், பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரக் கிழவர் மூக்கை நீட்டிக்கொண்டே வந்து நின்றார். ஒரு கோப்பை கொடுத்தோம், அவர் பதிலுக்கு மாவில் சுட்ட டாம்பர் ரொட்டியில் பாதி தந்தார். எங்கள் றொட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம், தேங்காய்ப்பூ இல்லாத குறை ஒன்றுதான். சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை, ஒரு வாய் கொதிதண்ணீர் விட்டுச் சுழற்றிக் குடித்துவிட்டால் கழுவல் வேலையே முடிந்தது. (முகம் சுளிக்காதீர்கள், அது ரசம் மாதிரித்தான் இருக்கும்.)

முழுத் தீத்தடை அறிவித்த நாளில் இந்தச் சின்ன எரிவாயு அடுப்பைக்கூடப் பள்ளத்தாக்கு முகாமில் மூட்டக்கூடாது. அதற்கென்று ஒரு நாள் சாப்பாடு நெருப்புத் தேவையில்லாததாக இருக்கட்டும்: அவலைத் தண்ணீரில் நனைத்துச் சர்க்கரையும் உலர்த்திய தேங்காய்ப்பூவும் போட்டால் போதும், அல்லது முதல் நாள் வீட்டில் கிண்டிய புளிச்சோறு. ஆனால் சொல்லிவிடுகிறேன், அப்படிக் காய்கிற நாளில் நான் பள்ளத்தாக்குக்குள் இறங்குவதே இல்லை, வீட்டில் இருந்து புளிச்சோறு தின்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கக்கூசு இல்லாத இடத்தில் தண்ணீரிலிருந்தும் முகாமிலிருந்தும் 100 மீற்றர் தள்ளிப் போய், 15 சென்ரிமீற்றர் ஆழக் குழி தோண்டி மூடவேண்டும். குரோஸ் ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரித்தான் ஓடும், மேலே ஊர்கள் இருக்கின்றன, கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். பாதணியின் அடியில் ஒட்டிய மண்ணைப் போகமுன்னும் வந்த பின்னும் சுரண்டிக் கழுவுங்கள். வேரை அழுகவைக்கும் ஒரு நோய் அந்த மண்ணில்தான் பயணம் செய்கிறது. 1994இல் கண்டுபிடித்த வொல்லமை பைன் என்ற அரிய பழங்கால மரங்கள் நிற்கும் இடத்தை இரகசியமாக வைத்திருந்தும், அந்த நோய் அங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யாது, நீலமலையின் கட்டூம்பா ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் அவசர சமிக்ஞைக் கருவியை இலவசமாக இரவல் தருகிறார்கள், எந்தப் பாதையில் போகிறீர்கள் எப்போது திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இந்த ஒரு வரியைக் கட்டுரையில் போட்டிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

ஒக்டோபர் 1 தொடக்கம் மார்ச் 31 வரை இங்கே காட்டுத்தீக் காலம். அதற்கு முன் வரும் ஒரு வார இறுதிப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், விறகு பற்றிய பகுதிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மூன்று கல் அடுப்புப் படத்துக்குப் பதிலாகப் போட ஒரு படம் வேண்டும் என்றால், சட்டை போட்ட என் பருப்புச் சட்டியைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மேற்கு சிட்னியிலிருந்து ஒரு வாசகி