பாஸ்வேர்டு சரிதான், வெர்ஷன்தான் மாறிடுச்சு

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய என்கிரிப்ட் பண்ணின (பாஸ்வேர்டு போட்டு பூட்டின) ஹார்ட் டிஸ்க் புது சாஃப்ட்வேர்ல திறக்கலைன்னா உடனே ஃபார்மேட் அடிச்சிடாதீங்க. இப்படி பூட்டுற ட்ரூகிரிப்ட்ங்கிற சாஃப்ட்வேர் 2014லயே நின்னுபோச்சு, அதுக்கப்புறம் அதே வேலை செய்யுற வெராகிரிப்ட்தான் அதுல பூட்டின டிஸ்க்குகளையும் (வால்யூம்னு சொல்வாங்க) திறந்து குடுத்துட்டு இருந்துச்சு, ஆனா 2023ல வந்த 1.26.7 வெர்ஷன்ல அந்த வசதியை தூக்கிட்டாங்க. உள்ள இருக்கிறது எல்லாமே ரேண்டமா தெரியுறதால இது பழைய வால்யூம்னு சாஃப்ட்வேருக்கே புரியாது, பாஸ்வேர்டு தப்பா இருக்கலாம்னு சொல்லிடும், நாமளும் நம்பிடுவோம். பழைய 1.25.9 வெர்ஷனை வெராகிரிப்ட் சைட்லயே இறக்கி, ட்ரூகிரிப்ட் மோடு டிக் பண்ணி, ரீட் ஒன்லியா (எதுவும் மாறாம படிக்க மட்டும்) மவுன்ட் பண்ணி, அதாவது திறந்து, மொதல்ல எல்லாத்தையும் காப்பி எடுங்க. நடுவுல விண்டோஸ் ஃபார்மேட் பண்ணவான்னு கேட்கும், கேன்சல் குடுங்க (அந்த ஒரு கேள்வியால எத்தனை பேர் டேட்டா போச்சோ). பாதுகாப்புக்காக பழைய வசதியை தூக்குறது நியாயம்தான், ஆனா அதை ரிலீஸ் நோட்ஸ்ல (புது வெர்ஷனோட வர்ற மாற்றக் குறிப்புல) போட்டா யாரு சார் படிக்கிறாங்க, இன்ஸ்டால் பண்றப்பவே பெரிய எழுத்துல காட்டலாமே?

இப்படிக்கு,
ஒரு வாசகர்