எச்.ஐ.வி.க்கு ஒரு தடவை பார்த்தால் போதுமா? நெல்லை சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களின் செவிலியர்களுக்கும், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

கர்ப்பிணிக்கு எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனையிலேயே எச்.ஐ.வி.யும் சேர்ந்துவிடுகிறது. நாட்டின் முதல் தொற்று 1986-இல் சென்னையில் தெரியவந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய காரியம். என் மனக்குறை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்ணுக்கு செக்கப் நாள் என்றால் அன்றைய கூலி போச்சு. வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, சத்து மாத்திரை வாங்கி வீடு திரும்பி, மடியில் பீடித் தட்டை வைக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். எதற்கு ரத்தம் எடுத்தார்கள் என்று கேட்டால், "எல்லாத்துக்கும்தான்" என்பாள். அப்புறம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகிறாள். அங்கே வேறு சுகாதார நிலையம், வேறு நர்ஸம்மா. 'முன்னாடியே பார்த்தாச்சு' என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. இடையில் மும்பையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் கணவர் லீவில் வந்து போயிருப்பார். அவருக்கு யாரும் பரிசோதனை செய்வதில்லை. வெளியூர் போகிறவர்களைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. தாமிரபரணியைத் தாண்டாத ஆளுக்கும் இந்தத் தொற்று வரலாம்.

தொற்று புதிதாக வந்திருந்தால் முதல் சில வாரங்கள் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ரத்தத்தில் வைரஸ் எகிறி நிற்பதும் அந்தச் சமயத்தில்தான். தொற்றுள்ள தாய்மாருக்குச் சிகிச்சையே இல்லாவிட்டால், தாய்ப்பால் வழியாகப் பரவுவதையும் சேர்த்து, அவர்கள் பெறும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று போய்ச் சேரும். தாய்க்கு வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையும் பிறந்த பிள்ளைக்கு நெவிரபின் சொட்டு மருந்தும் நேரத்துக்குக் கிடைத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். இவ்வளவு கையில் இருக்கும்போது, ஐந்தாறு மாதம் முந்தைய முடிவை நம்பி உட்கார்ந்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

காரையாறு பக்கத்துக் காணிப் பழங்குடிப் பெண்ணுக்கு மலையிறங்கி வருவதே பெரும்பாடு. செங்கல் சூளைக்கு வந்த வடமாநிலப் பெண் தலையை ஆட்டுவாள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள முடியுமா? தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கோ இந்தப் பரிசோதனை பில்லில் ஒரு வரி, அவ்வளவுதான். விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்டு, முடிவை வெளியே விடாமல் காப்பது 2018 செப்டம்பர் 10 முதல் சட்டம். அது இவர்கள் எல்லோருக்கும் பொது.

வளைகாப்பு முடிந்து வரும் பெண்ணைப் பதியும் அன்றே, கதவைச் சாத்திவைத்துப் பேசி, மறுபரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். கணவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். லீவில் வந்தவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் வசதியாக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நம்பிக்கை மையத்தைத் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
பீடி சுற்றும் குடும்பத்துப் பெண் ஒருத்தி,
முக்கூடல் வட்டாரம்