காய்ச்சல் வலிப்பு: எல்.கே.ஜி., யு.கே.ஜி. பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மழை தொடங்கியதிலிருந்து சின்ன வகுப்புகளில் காய்ச்சல் விடுப்பு கூடியிருக்கிறது. இந்தச் சமயத்தில் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரும். பெரும்பாலும் காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே வரும். சில சமயம் உடம்பு சுடுகிறது என்று நாம் கவனிப்பதற்கு முன்பே வந்துவிடும்.

கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-1 போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகி, உடல் வெப்பத்தை உயர்த்துகிறது. அதுதான் காய்ச்சல். அதே இன்டர்லூக்கின் நரம்பணுக்களையும் நேரடியாக உசுப்பிவிடக்கூடியது. வெப்பம் ஏறும்போது நரம்பணுக்களின் அயனி வாயில்களும் (மின்னூட்டத் துகள்கள் போய்வரும் நுண்துளைகள்) வழக்கத்தைவிட வேகமாகத் திறந்து மூடுகின்றன. பெரியவர்களுக்கு இதையெல்லாம் ‘காபா’ என்ற வேதிப்பொருள் பிரேக் போட்டு அடக்கிவிடும். சின்னக் குழந்தையின் மூளையில் அந்த பிரேக் இன்னும் முழுதாக முதிரவில்லை. பிள்ளை வளர வளர வலிப்பு தானே நின்றுபோவதும் இதனால்தான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சிறு வயதில் வந்திருந்தால் வாய்ப்பு அதிகம். ஆகவே பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் யாரும் தாயைக் குறை சொல்ல வேண்டாம்.

பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைத்தான் குறைக்கிறது. காய்ச்சல் இறங்கும், பிள்ளைக்கு அசதி குறையும். ஆனால் வலிப்பைத் தடுக்கும் என்று நம்பி அடிக்கடி ஊற்றக் கூடாது. ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மி.கி. வரை, அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் இடைவெளி. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: கடையில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. 12 கிலோ பிள்ளைக்கு முதலாவதில் 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி. போதும். பாட்டில் மாறியது தெரியாமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். ஐஸ் தண்ணீர் ஒத்தடம் வேண்டாம்; குளிரில் நடுங்கினால் உடம்பு இன்னும் சூடாகும்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். எச்சில் தானாக வெளியே வடியும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயன் எதுவும் இல்லை. பல்லுக்கிடையே ஸ்பூன் செருகினால் பல் உடையும். தண்ணீரோ சிரப்போ ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். முடிந்தால் ஒருவர் செல்போனில் படம் எடுக்கட்டும், மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வெட்டி இழுத்தாலும், ஒரே நாளில் மறுபடி வந்தாலும், கழுத்து விறைத்தாலும், ஒரு மணி நேரமாகியும் பிள்ளை தெளியாவிட்டாலும் தாமதிக்காதீர்கள். மூளைக்காய்ச்சல் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். முதல் தடவை வந்தால், உடனே அடங்கிவிட்டாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

மூன்றில் ஒரு பிள்ளைக்கு இன்னொரு தடவையும் வரலாம். இதைக் கால்கை வலிப்பு என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். சாதாரணக் காய்ச்சல் வலிப்பு படிப்பையோ அறிவையோ பாதிப்பதில்லை.

பள்ளிக்காக ஒரு வேண்டுகோள். காலையில் சிரப் கொடுத்துவிட்டு வேனில் ஏற்றிவிடாதீர்கள். மதியத்துக்குள் மருந்தின் வேகம் தணிந்து காய்ச்சல் வகுப்பறையில் ஏறும். மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகே அனுப்புங்கள். முன்பு வலிப்பு வந்த பிள்ளைகளின் பெற்றோர், எடையையும் மருத்துவர் சீட்டின் நகலையும் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனை முறை அழுத்த வேண்டும், எத்தனையாவது நிமிடத்தில் என்பதை மருத்துவர் கைப்பட எழுதியிருக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பார்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்